அவன் பிழைத்துக்கொண்ட கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். கைப்பேசியை எடுத்து நாலு வரி தட்டுவேன். பிறகு அழித்துவிட்டு அரிசி களையப் போய்விடுவேன். எனக்குப் பயமாக இருந்தது. எழுதிப் பழகியவளும் இல்லை நான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு, அப்புறம் மலாய்ப் பள்ளியில் மூன்றாம் படிவம், அதோடு என் படிப்பு சரி. இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம், இது என் கதை கிடையாது. எனக்குத் தங்கை மாதிரி ஆகிவிட்ட ஒருத்தியின் கதை. அவளைக் கேட்காமல் எழுதினால் அவளுக்குக் கெடுதல் செய்தவர்களோடு நானும் சேர்ந்துவிடுவேன். போன மாதம் அவளே சொன்னாள், "எழுதுங்கக்கா. பேரு மட்டும் யாரோடதும் வேணாம்" என்று. அம்மனைக் கும்பிட்டு எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் குருபோங் என்ற ஊரில், ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், எங்கள் வீடு. கணவருக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டால் நானும் சாமி விளக்கும்தான். பக்கத்து வீட்டு அக்காதான் இணையத்தில் காதல் தொடர்கதை வரும் தளத்தைக் காட்டிக்கொடுத்தார். எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள், வைத்திருப்பது புனைபெயர். வாரத்துக்கு ரெண்டு மூணு எபி வரும். எபி என்றால் ஓர் அத்தியாயம். அதற்குக் கீழே வாசகிகள் வரிசையாக, "சூப்பர் சிஸ்", "ஹீரோ பாவம் சிஸ்", "அடுத்த எபி எப்போ?" என்று போட்டிருப்பார்கள். அடுப்படியில் நின்றபடியே படித்து அழுதிருக்கிறேன்.

"யாரோ யாரையோ கட்டிக்கிறதுக்கு நீ ஏன்டி மூக்கச் சிந்துற? சோறு அடிபிடிக்குது பாரு" என்பார் என் கணவர்.

மூத்த மகள் எனக்கு அம்மன் படம் போட்டு ஒரு வலைப்பூ திறந்து கொடுத்தாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு அந்த வாரம் படித்த கதைகளைப் பற்றி அதில் எழுதுவேன். முத்தக் காட்சி இருந்தால் இருக்கிறது என்று முதலிலேயே போட்டுவிடுவேன், விரதம் இருக்கிறவர்கள் பார்த்துப் படிக்கட்டும் என்று. அதற்காகவே என்னைத் தேடி வந்த வாசகிகள் உண்டு.

அந்தத் தளத்தில் புதிதாக ஒரு கதை தொடங்கியது. கதாநாயகி அணைக்கட்டுக்குப் போகிற சாலையில் ஒரு மலாய்க்கார அம்மாவிடம் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, வாங்குகிறாள். அது எங்கள் பக்கத்துச் சாலை என்று தெரிந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். "சிஸ், நீங்க டுரியான் துங்கால் பக்கமா? நான் குருபோங்!" என்று கருத்து போட்டேன். கொஞ்ச நேரத்தில் தனிச்செய்தி வந்தது.

"அக்கா, அந்தக் கமெண்ட்ட அழிச்சிடுங்க ப்ளீஸ். நான் எழுதுறது எங்க வீட்டுல தெரியாது."

உடனே அழித்துவிட்டேன். அப்படித்தான் பழக்கமானோம். அடுத்த மாதம், நான் அவளிடம் சொல்லியிருந்த கோயில் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் நறுக்க உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒரு மெலிந்த பெண் மெல்லக் கேட்டாள், "குருபோங் அக்காவா?" முப்பதைத் தாண்டியிருப்பாள். கழுத்தில் மெல்லிய சங்கிலி. தாலியும் இல்லை, பொட்டும் இல்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்றும், ஒரு தமிழ் முஸ்லிம் மாமாவின் மளிகைக்கடையில் கல்லாவில் உட்காருகிறாள் என்றும் சொன்னாள். ஆள் வராத மத்தியான நேரத்தில் கைப்பேசியில் கதை எழுதுவாளாம்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் முதலில் பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தை ரெஜிஸ்டர் செய்துவிடுவோம். அந்தத் தாளைக் காட்டினால்தான் கோயிலில் தாலி கட்ட விடுவார்கள். ரெஜிஸ்டருக்கும் தாலிக்கும் நடுவில் மாதக்கணக்கில் ஆகும். மண்டபம் கிடைக்க வேண்டும், நல்ல நாள் வர வேண்டும். அதுவரை பெண் தன் அம்மா வீட்டில்தான் இருப்பாள். சட்டத்துக்கு அவள் மனைவி. ஊருக்கு அவள் இன்னும் கல்யாணம் ஆகாத பெண்.

அந்த இடைவெளியில்தான் அவள் வாழ்க்கை முடிந்துபோனது. மாப்பிள்ளை ரெம்பியா என்ற ஊர்க்காரர். ரெஜிஸ்டர் ஆகி, தாலிக்கு நாளும் குறித்தாகிவிட்டது. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றிய லாரியில் மோதிவிட்டார். ஆஸ்பத்திரியில் தலையில் உடனே ஆப்பரேஷன் என்றார்கள். மனைவி யார் என்று மலாயில் கேட்டுக்கொண்டு தாதி வெளியே வந்தாள். அவர் அம்மா இன்னொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், கொஞ்சம் பொறுக்கலாம் என்று கதறினார். டாக்டர் பொறுக்க நேரமில்லை என்றார். இவள் முன்னால் போய்க் கையெழுத்துப் போட்டாள். அவர் ஆப்பரேஷன் மேசையிலேயே இறந்துவிட்டார்.

"தாலி ஏறாத கழுத்தோட என் புள்ள தலைய வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாளே!" என்று அந்த அம்மா சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் அடித்துக்கொண்டார். இவளை உடம்பருகே விடவில்லை. அன்றிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பூசணித் தோலை ஒதுக்கிக்கொண்டே இதையெல்லாம் அவள் சொன்னாள். அழவில்லை. எனக்குத்தான் கண்ணீர் நிற்கவில்லை.

"அத்தைக்கு எழுத்து தெரியாதுக்கா. ஆனா கதைன்னா உயிரு. ரெஜிஸ்டர் பண்ணப்புறம் நான் போய் பத்திரிகைத் தொடர்கதையெல்லாம் படிச்சுக் காட்டுவேன். 'அடுத்து என்னாடி? அடுத்து என்னாடி?'ன்னு பிடுங்கி எடுப்பாங்க. நேர்ல சொன்னா என் மூஞ்சிலயே முழிக்க மாட்டேங்கிறாங்க. கதையா கேட்டா கேப்பாங்க."

அதற்காகத்தான் எழுதியிருக்கிறாள். கதையில் எல்லாம் நடந்தபடியே வரும், ஆஸ்பத்திரி வரைக்கும். அவள் கையெழுத்துப் போடுவாள், கதாநாயகன் பிழைத்துக்கொள்வான். மாமியார்க்காரி அவள் கையைப் பிடித்து, "நீ அன்னிக்குத் துணிஞ்சு போட்டியே, அந்தக் கைய எங்கிட்டக் குடும்மா" என்று கேட்பாள். அப்புறம் தாலி கட்டுவார்கள். கதை முடிந்ததும் தன் சொந்தப் பெயரில் மின்னூலாகப் போட்டு, ரெம்பியாவுக்குக் கொண்டுபோய் யாரையாவது விட்டுப் படித்துக் காட்டச் சொல்லவேண்டும். அந்த அம்மா ஒரு தடவை முழுசாகக் கேட்டால் போதும். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

கதை ஓடிய நாளெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் அதைப் பற்றி எழுதினேன். எந்த எபியில் என்ன நடந்தது, எந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது, எல்லாவற்றையும் எழுதினேன். ஆஸ்பத்திரி எபி வந்த வாரம் கருத்துகள் கொட்டின. "சிஸ், ஹீரோவைக் கொன்னீங்க, உங்க வீட்டு வாசல்ல உண்ணாவிரதம்தான்" என்று ஒருத்தி போட்டிருந்தாள். அதை இவள் எனக்குக் காட்டிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கதை முடிந்தது. எழுத்தாளர் கேட்டால் கதையைத் தளத்திலிருந்து எடுத்து அவரிடமே கொடுப்பதுதான் அங்கே வழக்கம். இவளும் கேட்டாள். தளத்தை நடத்தும் அட்மின் அம்மா இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். இவள் கொஞ்சம் அழுத்திக் கேட்டதும் குரல்பதிவு வந்தது.

"சிஸ், எங்க தளத்துல எழுதினா அது தளத்தோட கதை. ரூல்ஸ் படிக்கலையா நீங்க? உங்களை யாருன்னு தெரியவெச்சதே நாங்கதான்மா. கொஞ்சம் நன்றியோட இருங்க."

மறுநாள் அவள் கணக்கு திறக்கவில்லை. கதையும் அங்கே இல்லை.

"உங்கிட்ட காப்பி இருக்கும்ல?" என்று கேட்டேன்.

இல்லையென்று தலையாட்டினாள். "தளத்துல எழுதுற பெட்டி இருக்குல்ல, அதுலயேதாங்கா நேரா அடிப்பேன். ஃபோன்ல வச்சா அண்ணி பசங்க எடுத்துப் பாக்குங்க. அதான் எதையுமே வைக்கல."

யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. ஒளித்து எழுதுகிற பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

சில மாதம் கழித்து என் வாசகி ஒருத்தி ஒரு மின்னூலின் இணைப்பை அனுப்பி, "அக்கா, இது நீங்க வாராவாரம் எழுதுனீங்களே அந்தக் கதை மாதிரி இருக்கே?" என்று கேட்டாள். திறந்து பார்த்தேன். வேறு புனைபெயர், வேறு அட்டை. உள்ளே அதே கதை. ரெம்பியா தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமமாகியிருந்தது. செம்பனைத் தோட்டம் தென்னந்தோப்பாகியிருந்தது. ரெஜிஸ்டர் என்று இருந்த இடத்திலெல்லாம் நிச்சயதார்த்தம் என்று மாற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரி எபியில்தான் மாட்டிக்கொண்டார்கள். மோதிரம் மட்டும் மாற்றிய பெண், மனைவி என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறாள். டாக்டரும் வாங்கிக்கொள்கிறார். மாமியாரோ தாலி ஏறாத கழுத்து என்று கத்துகிறாள். "நிச்சயம் பண்ண பொண்ணு எப்படிங்க வைஃப்னு சைன் பண்ணும்?" என்று படித்தவர்களே கீழே கேட்டிருந்தார்கள். எங்கள் நாட்டு வழக்கம் தெரியாதவர் கை அதில் பட்டிருக்கிறது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

அவளைக் கேட்டுக்கொண்டு வலைப்பூவில் எழுதினேன். அவள் பெயரைப் போடவில்லை. இது மலேசியப் பெண் எழுதிய கதை, ரெஜிஸ்டருக்கும் தாலிக்கும் நடுவே நடக்கிற கதை, அதனால்தான் அந்தக் கையெழுத்து, இதோ நான் வாராவாரம் எழுதிய விமர்சனங்கள், தேதியைப் பாருங்கள் என்று எழுதினேன். முதல் ரெண்டு நாள் நிறையப் பேர் எங்கள் பக்கம் பேசினார்கள். அப்புறம் தளத்து ஆட்கள் கூட்டமாக வந்தார்கள்.

"மலேசியா ஆன்ட்டிக்கு வேலை இல்லை போல."

"எங்க ரைட்டர் கதைய இவங்க எடுத்துக் குடுத்து, அந்தப் பொண்ணுதான் திருடியிருக்கும்."

"சாமி படம் போட்டுக்கிட்டு பொய் சொல்றாங்க பாருங்கப்பா."

அந்தக் கடைசி வரியைப் படித்த அன்று பூஜை அறையில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவே முடியவில்லை. பிறகு என் வலைப்பூவின் மேல் புகாராகப் போட்டார்கள். ஒரு காலையில் திறந்தால் விதிமீறல் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. என் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் போயின. என் கணவரும் மகளும் எத்தனையோ முயன்றும் திரும்பவில்லை. கைப்பேசியில் சில பக்கங்களைப் படமாக எடுத்து வைத்திருந்தேன். அவற்றைச் சமூக வலைத்தளத்தில் போட்டதும், "எடிட் பண்ணது" என்று சிரித்தார்கள்.

இவள் கடையிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, நானே எழுதப்போறேன். இது என் வாழ்க்கைல நடந்ததுன்னு."

"வேணாம்மா. அந்தக் கூட்டம் நல்ல கூட்டமில்ல."

"எங்கிட்ட வேற என்னக்கா இருக்கு காட்ட? அந்தக் கதை அவங்க பேர்ல ஊரெல்லாம் சுத்தட்டும்னு விட்டா, அத்தைகிட்ட நான் எதைக் கொண்டுபோவேன்?"

எழுதினாள். அதே சமூக வலைத்தளத்தில், புனைபெயரை விட்டுத் தன் பெயரோடு எழுதினாள். தான் ரெஜிஸ்டர் ஆன பெண் என்று, அந்தக் கையெழுத்து தன்னுடையது என்று, நிஜத்தில் அவர் பிழைக்கவில்லை, கதையில்தான் பிழைக்க வைத்தேன் என்று. கடைசியில், "இது என் கதை. திருப்பிக் கொடுங்கள்" என்று முடித்திருந்தாள். அதைவிட நேராக யாரும் எழுதிவிட முடியாது.

அதற்குக் கீழே சிரிக்கிற முகங்களாகப் போட்டார்கள். "அடுத்த சீரியலுக்கு ஸ்கிரிப்ட் ரெடி" என்று ஒருத்தி. "சிம்பதி டிராமா" என்று இன்னொருத்தி. முன்பு உண்ணாவிரதம் என்று விளையாடினாளே, அவளும்தான்: "ஹீரோவை நிஜத்துல கொன்னுட்டு கதைல காப்பாத்தினீங்களா சிஸ்?" என்று.

அண்ணன் வீட்டுக்கும் விஷயம் போனது. அண்ணிதான், "ஊர் உலகத்துக்கே ஒப்பாரி வச்சாச்சா? என் பொண்ணுக்கு நாளைக்கு வரன் வரவேணாமா?" என்றாராம்.

சண்டை தானாக அடங்கியது. அதோடு விட்டார்கள் என்று நினைத்தோம். கொஞ்ச நாளில் அந்த மின்னூலுக்குத் திருத்திய பதிப்பு வந்தது. அட்டையில் 'உண்மைச் சம்பவம்' என்று போட்டிருந்தார்கள். நிச்சயதார்த்தம் போய் ரெஜிஸ்டர் கல்யாணம் வந்திருந்தது. கிராமம் போய் மலேசியா வந்திருந்தது. அவள் வாய்விட்டுச் சொன்ன அத்தனையையும் எடுத்துக்கொண்டார்கள். முடிவையும் மாற்றியிருந்தார்கள். இப்போது அவள் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுகிறாள், கதாநாயகன் இறந்துவிடுகிறான், அவள் தன் தப்பை நினைத்துக் காலமெல்லாம் அழுகிறாள். படித்தவர்கள், "இப்பதான் சிஸ் மனசைத் தொடுது" என்று எழுதியிருந்தார்கள். அச்சடித்த புத்தகமாக இருந்தால் பழையது ஒன்றாவது எங்காவது கிடக்கும். மின்னூலில் அதுவும் இல்லை. முன்பே வாங்கியவர்களுக்கும் புதுப்பித்தால் புது முடிவுதான் வந்தது.

அந்தப் பெயரில் எழுதியது அட்மினா, வேறு யாரோவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன்.

"அவர ரெண்டாவது தடவ சாகடிச்சிட்டாங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். அம்மனிடம் போய், இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று கேட்டேன். கேட்டதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் அப்படிக் கேட்டது கேட்டதுதான்.

எப்படியாவது ஒரு தடவை நேரில் சொல்லிவிடலாம் என்று அவளை ரெம்பியாவுக்கு அழைத்துப்போனோம். கார் ஓட்டியது என் கணவர். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கதை என்றால் கேலி பேசுகிற மனிதர் அவர். அந்த அம்மா தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய சின்ன வீடு. இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார், பூட்டைத் திறக்கவில்லை. வயதாகிவிட்டது, கண்ணில் புரை விழுந்திருந்தது.

"அத்த" என்றாள் இவள்.

"யாருக்கு யாரு அத்த?"

"ஒரு கத எழுதுனேன் அத்த. உங்களுக்குத்தான்."

"கேட்டேன். என் தங்கச்சி மக முழுசாப் படிச்சுக் காட்டுனா. என்னமா எழுதியிருக்க! அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டேன், நாந்தான் கொன்னேன்னு நீயே எழுதியிருக்கியே. இத்தன வருசம் நான் சொன்னப்ப யாரும் நம்பல. இப்ப நம்புறாங்க."

"அது நான் எழுதுனது இல்ல அத்த. அவங்க மாத்திட்டாங்க. நான் எழுதுனதுல அவரு பொழச்சிக்கிறாரு."

"உன் கத உன் கதன்னு நீதானே உன் பேரப் போட்டு ஊரெல்லாம் சொன்னியாமே? இப்ப இல்லங்குற?"

இவள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் குறுக்கே போய், "அம்மா, நான் சாட்சி, வாராவாரம் படிச்சவ" என்றேன். "நீ யாருடி?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். உள்ளே டிவி சத்தம் கூடியது.

அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. கடைக்குப் போகிறாள், வருகிறாள். அன்னதானத்துக்கு வந்து காய் நறுக்கித் தருகிறாள். கதைத் தளத்தை நானும் திறப்பதில்லை. அண்ணன் மகளுக்கு நல்லபடியாகக் கல்யாணம் ஆகிவிட்டது. அதனால்தான் இப்போது எழுதலாம் என்றாள்.

அவள் எழுதிய முடிவை முழுசாகப் படித்தவர்களில் முன்வந்து சொல்ல இன்று நான் ஒருத்திதான் இருக்கிறேன். அதனால் சொல்கிறேன். அந்தக் கதையில் அவள் கையெழுத்துப் போட்டாள், ஆப்பரேஷன் நடந்தது, அவன் கண் விழித்தான். அவன் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வைகாசியில் தாலி கட்டினான். அவள் எழுதியது இதுதான். வேறு எதுவும் அவளுடையது இல்லை.

படிக்கிற நீங்கள் இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். ரெம்பியா பக்கம் சொந்தக்காரர் இருந்தால் கட்டாயம் அனுப்புங்கள். கதை கேட்கப் பிடித்த ஒரு வயதான அம்மா அங்கே இருக்கிறார். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டினால் கோடிப் புண்ணியம். ஆனால் ஒரு வார்த்தையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். மனசைத் தொடட்டும் என்று எதையும் சேர்க்காதீர்கள். என் தமிழில் தப்பிருந்தால் அதுவும் அப்படியே இருக்கட்டும்.